ஆக்னர் எர்லாங்

எர்லாங் என்னும் சொல்லைத் தொலைபேசித் துறையில் பயின்றோர் ஓர் அளவையின் பெயராகவே அறிவர். அப்பெயர் தாங்கிய மனிதரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூற முற்படுகின்றோம்.

ஆக்னர் கிராரப் எர்லாங் டென்மார்க்கு தேசத்து லோன்போர்க் என்னும் சிற்றூரில் 1878-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி பிறந்தார். தந்தையார் கிராமப் பள்ளியின் உபாத்தியாயர். மாலை வேளையில் சகோதரர் இருவரும் ஒரே புத்தகத்தை வாசிக்க, எதிரே அமர்ந்த ஆக்னர் எழுத்துக்களைத் தலைகீழாகவே படித்துவிடுவாராம். பதினான்காம் வயதிலேயே விசேஷ அனுமதி பெற்றுச் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீக்ஷையில் தேறினார். கோபன்ஹேகனில் கணிதம் பயின்று, 1901-இல் எம். ஏ. பட்டம் பெற்றபின், ஏழாண்டுகள் பள்ளிகளில் கற்பித்தார். 1908-இல் அந்நகரத்துத் தொலைபேசிக் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது.

ஆங்கு அவருக்கு வாய்த்த வினா எளிதாய்த் தோன்றுவது. இரண்டு நிலையங்களுக்கிடையே எத்தனை கம்பிகள் வேண்டும்? குறைந்தால் அழைப்போர் ஏமாந்து திரும்புவர். மிகுந்தால் செம்பும் பணமும் வீண். அழைப்புக்கள் வரும் முறை தற்செயலின் விதிக்குட்பட்டதென 1909-இல் அவர் காட்டினார். 1917-இல் விடை தரும் சூத்திரத்தையே வெளியிட்டார்.

அச்சூத்திரத்தின் நயத்தை ஒரு கணக்கால் விளக்குவோம். பத்துக் கம்பிகளில் சராசரியாக ஐந்தில் பேச்சு நிகழுமளவு அழைப்புக்கள் வருமாயின், ஆயிரத்திற்கு ஏறக்குறைய 18 அழைப்புக்கள் இடமின்றித் திரும்பும். இத்தகைய இரு தொகுதிகளை ஒன்றாக்கி, இருபது கம்பிகளும் எல்லோர்க்கும் பொதுவெனச் செய்தால், திரும்புவன இரண்டே! ஒரு கம்பி பழுதுற்றாலோ, பத்தின் தொகுதியில் நஷ்டம் 37 ஆகும். இருபதின் தொகுதியில் நான்கைத் தாண்டாது. புதிதாய் ஒரு முழக் கம்பியும் வாங்காமல், சேர்த்து வைத்ததொன்றாலேயே இவ்வளவு நன்மை.

இக்காலத்துச் சர்வர்களிலும் இரண்டு அல்லது நான்கு வலைக்கம்பிகளை ஒன்றாய்ப் பிணைத்துச் சுமையைப் பகிர்கின்றனர். ஒன்று அறுந்தால் மற்றவை ஏற்கும். எனினும், தகவல் துண்டுகள் வரிசை மாறாதிருக்கும்பொருட்டு, ஓர் உரையாடல் பெரும்பாலும் ஒரே கம்பியிற் செல்லுமாறு விடுவதால், பிணைத்த அளவில் தனியொருவரின் வேகம் பெருகிவிடாது. இரு கம்பிகளும் பாதிக்குமேல் நிரம்பியிருந்தால், ஒன்று அறும்பொழுது மற்றதும் திணறும். இதனை மறந்து இரண்டையும் நிரப்பி வைப்போரைக் காண நமக்கு வியப்பே.

எர்லாங் ஏட்டோடு நின்றவரல்லர். ஆரம்பத்தில் உதவியாளர் இன்மையால், ஏணி சுமந்த வேலையாள் ஒருவன் பின்தொடர, நகர வீதிகளிற் சென்று நிலத்தடிக் குழிகளில் இறங்கிக் கசிவு மின்சாரத்தைத் தாமே அளந்தார். விவாகம் செய்துகொள்ளவில்லை, நூல்களைச் சேர்ப்பதிலும், நாடி வந்த ஏழைகட்கு ஓசையின்றி உதவுவதிலும் பொருளைச் செலவிட்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞரொருவர், இவர் கட்டுரைகளை மூலத்திலேயே படிக்க வேண்டி டேனிஷ் மொழியைக் கற்றார் என்பர்.

1929-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, சத்திர சிகிச்சைக்குப் பின், தமது 51-ஆம் வயதில் அவர் காலமானார். 1946-இல் சர்வதேசத் தொலைபேசிக் குழுவினர், ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுதும் ஓயாது தாங்கும் பேச்சின் அளவிற்கு அவர் பெயரை இட்டனர்.