இலண்டனில் ஒரு சட்ட மாணவர்

1888 செப்டம்பர் 4ஆம் நாள் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 18. கடல் கடந்து செல்வது தவறு என்று கூறிச் சாதித் தலைவர்கள் அவரை விலக்கி வைத்தனர். தாயார் புத்லிபாயோ, புலாலையும் மதுவையும் தொடமாட்டேன் என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டே மகனை அனுப்பினார்.

இலண்டனில் இன்னர் டெம்பிள் சட்டக் கழகத்தில் காந்தி சேர்ந்தார். மலைக்குளிருக்குப் பழகியவர்களுக்கும் அந்நகரின் பனிக்காலம் கடுமையானதே. இறைச்சி உண்ணாதவரின் பாடு எப்படி இருந்திருக்கும்! அரைவயிற்றோடு அலைந்தவர், ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்ட பிறகே வயிறார உண்டார். தொடக்கத்தில் நடனம், வயலின் என்று வீண்செலவும் செய்தார். அது அண்ணன் அனுப்பும் பணம் என்பதை உணர்ந்ததும் சிறிய அறைக்கு மாறி, ஓட்ஸ் கஞ்சியைத் தாமே காய்ச்சினார். வண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இலத்தீன் பாடத்தில் தோற்றார். மனம் தளராமல் மீண்டும் எழுதித் தேறினார். பின்னர் உரோமானியச் சட்டத்தை இலத்தீனிலேயே படிக்க அந்த உழைப்பு கைகொடுத்தது.

இடையிடையே சிறு பயணங்களும் சென்றார். பிரைட்டன் விடுதியில், பிரெஞ்சில் இருந்த உணவுப் பட்டியல் புரியாமல் விழித்தவருக்கு ஒரு மூதாட்டி உதவினார். பாரிஸ் கண்காட்சிக்குச் சென்றபோது, வரைபடத்துடன் நடந்தே நகரைச் சுற்றினார். அத்தகைய சிக்கனக்காரர், ஈபெல் கோபுரத்தின்மேல் உணவுண்ட பெருமைக்காக மட்டும் ஏழு ஷில்லிங் செலவிட்டார்!

1891 ஜூன் 10இல் வழக்கறிஞரானார். 12ஆம் நாளே கப்பலேறினார். பம்பாய்த் துறைமுகத்தில் அண்ணன் காத்திருந்தார். தாயார் முன்பே இறந்துவிட்ட செய்தியை அப்போதுதான் தெரிவித்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாக மகன் சொல்ல, கேட்பதற்குத் தாய் இல்லை.