பாதித் தலைவலியும் ஹில்டெகார்ட் கண்ட ஒளியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு பஸ்ல போயிருக்கீங்களா? கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலை ஏற ஆரம்பிச்சதும், மரங்களுக்கு நடுவிலிருந்து வெயில் விட்டு விட்டு கண்ணில் அடிக்கும். நமக்கு அது ரீல்ஸ் எடுக்க ஏத்த வெளிச்சம். ஆனா ஒற்றைத் தலைவலி இருக்கும் சிலருக்கு அந்த மினுமினுப்பே போதும். பார்வையின் நடுவில் முதலில் ஒரு சின்னப் புள்ளி பளபளக்கும். கொஞ்ச நேரத்தில் அது ரம்பப் பல் மாதிரி நெளிந்த கோடாக விரியும். கோட்டுக்கு உள்பக்கம் இருப்பது மறைந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் பாதி இருக்காது. அரை மணி நேரத்துக்குள் பார்வை சரியாகிவிடும். அதற்கப்புறம்தான் தலையின் ஒரு பக்கம் இடிக்க ஆரம்பிக்கும். வாந்தி, வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது.

தலைவலிக்கு முன்னால் வரும் இந்தக் கண்கட்டு வித்தைக்கு 'ஆரா' என்று பெயர். வயசுக்கு வரும் முன் பையன்களுக்கும் பெண்களுக்கும் மைக்ரேன் ஏறக்குறைய சமமாகத்தான் வருகிறது. அதன் பிறகு பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மாதவிடாயோடு ஏறி இறங்கும் ஈஸ்ட்ரோஜன் அதற்கு ஒரு பெரிய காரணம். நம்ம பக்கம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். பித்தம், சாப்பிடாம இருந்திருப்பே, செல்போன் பார்க்காதே. சில வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய் காத்து கருப்பு. சுக்கை உரசி நெற்றியில் பத்து போட்டுப் படுக்க வைத்தால் முடிந்தது விஷயம்.

இந்தக் காட்சிகளோடு சேர்த்து உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு பெண்ணின் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். பெயர் ஹில்டெகார்ட். ஊர் ஜெர்மனி. பிறந்தது 1098. நம்ம பக்கம் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலம்.

ரைன் நதிக்குப் பக்கத்தில் வசதியான குடும்பம். வீட்டில் பத்தாவது குழந்தை என்று சொல்வார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கொடுக்கிற மாதிரி, இந்தப் பத்தாவது பிள்ளையைத் தேவாலயத்துக்கு நேர்ந்து விட்டுவிட்டார்கள். சின்ன வயசிலிருந்தே நோஞ்சான். மற்றவர்களுக்குத் தெரியாத வெளிச்சங்கள் தனக்குத் தெரிகிறது என்று அவருக்கு ரொம்பச் சீக்கிரமே புரிந்துவிட்டது. கூட இருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார்; யாருக்கும் அப்படி எதுவும் இல்லை. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்.

1112 நவம்பர் 1ஆம் தேதி, யுட்டா என்ற இளம் துறவியோடு சேர்த்து அவரை டிசிபோடென்பெர்க் மலை மடத்தில் அடைத்தார்கள். அடைத்தார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கோங்க. உலகத்துக்கு இறந்துவிட்டவர்கள் என்ற அர்த்தத்தில் சடங்கு செய்து, மடத்தை ஒட்டிய கல் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். அப்போ அவருக்கு 14 வயசு. அடுத்த 24 வருஷம் அங்கேதான். கொஞ்சம் லத்தீன், பிரார்த்தனைப் பாடல்கள், தைக்கிறது, நோயாளிகளைக் கவனிக்கிறது. யுட்டா 1136ல் இறந்ததும், கூட இருந்த பெண்கள் ஹில்டெகார்டைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1141ல் அவருக்கு 42 வயசு. மண்டை முழுக்கப் பரவும் ஒரு நெருப்பு வெளிச்சம் வந்ததாகவும், பார்த்ததை எழுது என்று கட்டளை கேட்டதாகவும் அவர் பதிவு செய்திருக்கிறார். எழுதத் தயங்கினார். பெண் எழுதினால் யார் ஏற்பார்கள் என்ற பயம். உடனே படுக்கையில் விழுந்தார். எழுத ஆரம்பித்ததும் எழுந்தார். வோல்மார் என்ற துறவி உதவிக்கு இருக்க, பத்து வருஷம் உழைத்து முடித்த புத்தகம்தான் 'ஸ்கிவியாஸ்'. பாதியில் இருக்கும்போதே, 1147-48ல் ட்ரியர் நகரில் நடந்த சபையில் போப் மூன்றாம் யூஜீனியஸ் அதன் ஒரு பகுதியைப் பார்த்து அனுமதி கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்து பிங்கன் பக்கத்தில் ரூபர்ட்ஸ்பெர்க் என்ற இடத்தில் பெண்களுக்குத் தனி மடம் கேட்டார். மடத்தலைவர் கூனோ மறுத்துவிட்டார். புகழ் பெற்ற பெண்ணையும் அவர்களோடு வந்த சொத்தையும் விட யாருக்கு மனசு வரும்? ஹில்டெகார்ட் மறுபடியும் படுத்துவிட்டார். கை காலை அசைக்க முடியவில்லை. கூனோ நேரில் வந்து தலையைத் தூக்கிப் பார்த்தாராம். கல் மாதிரி இருந்ததாம். பயந்து சம்மதித்தார். 1150 வாக்கில் இருபது பெண்களோடு புது மடம் ஆரம்பமாச்சு.

இது நடிப்பா, நோயா என்று கேட்கத் தோணுதா? எனக்கும் தோணுச்சு. ஆனா மாசத்துக்கு நாலு நாள் இருட்டு ரூமில் படுத்துக் கிடக்கும் பெண்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம். மன அழுத்தம் மைக்ரேனைக் கிளப்பும் என்பது இன்று எல்லா டாக்டரும் சொல்வது. வேண்டியது கிடைக்காதபோது வலி வந்தால், அந்த வலி பொய் என்று ஆகிவிடாது.

அவர் எழுதிய மருத்துவக் குறிப்புகளில் ஒற்றைத் தலைவலியும் இருக்கு. ஏன் பாதித் தலையில் மட்டும் வலிக்கிறது என்பதற்கு அவர் தரும் விளக்கம்: இது அவ்வளவு கடுமையானது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷனால் தாங்கவே முடியாது. காரணமாகக் கரும்பித்தத்தைச் சொன்னது அந்தக் காலத்து மருத்துவம். ஆனா அந்த முதல் பாதியைப் புத்தகம் படித்து மட்டும் எழுதியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். மைக்ரேன் என்ற சொல்லே 'பாதி மண்டை' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து தேய்ந்து வந்ததுதான்.

சரி, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருது? இது நம்ம ஏரியா, கொஞ்சம் கணக்குப் போடலாம். 1941ல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தனக்கு வந்த ஆராவையே உட்கார்ந்து வரைந்தார். கோடு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகருது என்று குறித்து, மூளையின் பின்பக்கம் இருக்கும் பார்வைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று கண்டுபிடித்தார். இருபது நிமிஷம் என்றால் 60 மில்லிமீட்டர். பார்வைப் புறணியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! 1944ல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவ் முயல் மூளையில் அதே மாதிரி மெதுவான ஓர் அலையைப் பார்த்தார். நரம்பு செல்கள் ஒரே நேரத்தில் சார்ஜை இழந்து, பிறகு கொஞ்ச நேரம் அடங்கிப் போகின்றன. அடுத்த பகுதி, அதற்கு அடுத்தது என்று பரவுகிறது. தெருவில் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மராகப் பளீரென்று மின்னிவிட்டு டிரிப் ஆகிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? மின்னுவது அந்த ரம்பப் பல் கோடு. பின்னாலேயே வரும் இருட்டுதான் மறைந்துபோகும் பாதி முகம். 2001ல் இந்த அலை மனித மூளையில் நகருவதை ஸ்கேனிலேயே பிடித்துவிட்டார்கள். அது தொடங்கிய இடம் 'வி3ஏ' என்ற பார்வைப் பகுதி.

இந்த அறிவெல்லாம் முழுசா வருவதற்கு முன்னாலேயே, 1917ல், சார்லஸ் சிங்கர் என்ற மருத்துவ வரலாற்றாசிரியர் 'ஸ்கிவியாஸ்' ஓவியங்களைப் பார்த்து இது மைக்ரேன் என்று சொல்லிவிட்டார். கடலில் விழுந்து கரியாக அணையும் நட்சத்திரங்கள், அடுக்கடுக்கான மதில் சுவர்கள், நடுவில் கண்ணைக் கூசும் ஒளி. எல்லாம் ஆரா நோயாளிகள் வரைவதோடு ஒத்துப்போகிறது என்பது அவர் வாதம். 1970ல் ஆலிவர் சாக்ஸ் தன் 'மைக்ரேன்' புத்தகத்தில் இதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு இது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆனா எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. காத்தரின் ஃபாக்ஸ்ஹால் என்ற வரலாற்றாசிரியர் 2014ல் எழுதிய கட்டுரையில், இந்த முடிவு ஹில்டெகார்டைவிட அவரைப் படித்த நவீன மருத்துவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்று வாதிட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயம் இருக்கு. அந்த மூல ஓவியச் சுவடியே 1945ல் ட்ரெஸ்டனில் காணாமல் போய்விட்டது. இன்று நாம் வண்ணத்தில் பார்ப்பது அதற்கு முன்னால் துறவிப் பெண்கள் கையால் எடுத்த நகல். அதோடு, தன் வெளிச்சம் விழித்திருக்கும்போது, கண் திறந்திருக்கும்போதே வருகிறது, ஏறக்குறைய எப்போதும் கூடவே இருக்கிறது என்று ஹில்டெகார்ட் எழுதியிருக்கிறார். ஆரா அரை மணி நேரத்தில் போய்விடும். ரெண்டும் பொருந்தலையே! அவருக்கு மைக்ரேன் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனா நட்சத்திரம் விழுவதை எத்தனையோ பேர் பார்க்கிறார்கள், அதிலிருந்து ஒரு புத்தகம் எழுதியவர் அவர் ஒருத்தர்தான். அலை அந்தப் புத்தகத்தை எழுதவில்லை.

இன்னைக்கு நமக்கு முக்கியமானது வேற. ஆரா வரும் பெண்ணின் மூளை அமைப்பிலேயே வித்தியாசமா? வலி வந்து வந்து மூளை கெட்டுப் போகுமா? டென்மார்க்கில் இரட்டையர் பதிவேட்டிலிருந்து பெண்களை எடுத்து ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஆராவோடு மைக்ரேன் இருந்தவர்கள் 166 பேர். 2018ல் வந்த முடிவு: பார்வைக்கான 'வி2', 'வி3ஏ' பகுதிகளில் அவர்களுக்குப் புறணி கொஞ்சம் தடிமன் அதிகம். எவ்வளவு? சுமார் 0.03 மில்லிமீட்டர். உங்க ரெக்கார்டு நோட்டுத் தாளில் மூன்றில் ஒரு பங்கு. எத்தனை தடவை ஆரா வந்தது, எத்தனை வருஷமா வருது என்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. அதாவது தாக்குதல் வந்து வந்து உண்டானதாகத் தெரியலை. பிறவி அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆரா கிளம்பியதைப் பிடித்த அதே 'வி3ஏ' இங்கேயும் வருவதைக் கவனிச்சீங்களா? 2016ல் அதே குழு, மூளையில் சத்தமில்லாமல் வரும் சிறு அடைப்புகளையும் தேடிப் பார்த்தது. இந்தப் பெண்களுக்கு அவை மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. முந்தைய நெதர்லாந்து ஆய்வு ஒன்று அதிகம் என்று சொல்லியிருந்ததால், இது பெரிய நிம்மதி.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஆரா இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கொஞ்சம் கூடுதல். பீரியட்ஸ் ஒழுங்குக்கோ வேறு எதற்கோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதும் டாக்டரிடம் ஆரா வருவதைக் கட்டாயம் சொல்லணும். ஆரா உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புகைபிடிப்பது ஆபத்தை இன்னும் கூட்டும். முதல் தடவையாகப் பார்வை மறைந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ சுக்குப் பத்து போட்டுக் காத்திருக்கக் கூடாது. மலை மேலே வெள்ளிமலையில் இருந்தாலும் சரி, உடனே 108ஐக் கூப்பிட்டுக் கீழே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு இறங்கிவிடணும்.

ஹில்டெகார்டுக்கு அப்படி இறங்கிப் போக இடம் இல்லை. படுப்பதும் எழுவதுமாகவே வேலை பார்த்தார். எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை, ஒரு இசை நாடகம், செடி கொடிகளைப் பற்றிய புத்தகம், தானே உருவாக்கிய 23 எழுத்துகள் கொண்ட ஓர் எழுத்துமுறை. அறுபதைத் தாண்டிய வயசில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். பெண்கள் பொதுவில் பேசவே கூடாத காலம் அது.

1178ல், 80 வயசில், கடைசிச் சண்டை. ஒருகாலத்தில் திருச்சபையால் விலக்கப்பட்டிருந்த ஒருவரைத் தன் மடத்தில் புதைக்க அனுமதித்தார். சாகும் முன் அவர் சமாதானமாகிவிட்டார் என்பது ஹில்டெகார்டின் பக்கம். உடலைத் தோண்டி எடு என்று மைன்ஸ் நகர குருமார்கள் உத்தரவு போட்டார்கள். மறுத்தார். தண்டனையாக மடத்தில் பாட்டுக்குத் தடை. பிரார்த்தனையைக் கூடத் தாழ்ந்த குரலில்தான் சொல்லணும். பாட்டை நிறுத்துவது யாருக்கு லாபம் என்று கேட்டு நீளமான கடிதம் எழுதினார். 1179 மார்ச்சில் தடை விலகியது. மடத்தில் மறுபடி பாட்டு கேட்டது.

ஆறு மாசம் கழித்து, செப்டம்பர் 17 அன்று இறந்தார். அவர் அறைக்கு மேலே வானத்தில் இரண்டு வண்ண ஒளி வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தோன்றியதாக, அவர் வாழ்க்கையை எழுதியவர் குறித்து வைத்திருக்கிறார்.