சோழிகள் சொன்ன கிரகணம்

2021ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மாலை, ஜொகூரின் கிழக்கு வானில் முழுநிலவு உதித்தபோதே பூமியின் நிழல் அதன் பெரும்பகுதியை மூடியிருந்தது. இத்தகைய சந்திர கிரகணம் எப்போது தோன்றும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அறிவியலாளர்கள் முன்கூட்டியே கணித்துவிடுகின்றனர். கணினி இல்லாத காலத்திலேயே தமிழர்கள் இக்கணக்கைச் செய்ததைக் கண்டு வியந்தவர், பிரான்சு நாட்டு வானியலாளர் கியோம் லெ ஜென்டில்.

அவர் 1725ஆம் ஆண்டு பிறந்தார். 1761ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்தது. அந்நிகழ்வை உலகின் பல இடங்களிலிருந்து அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிடலாம். இதற்காக லெ ஜென்டில் 1760ஆம் ஆண்டு புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். ஆனால், அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர். கரையிறங்க வழியில்லை. நடுக்கடலில் ஆடிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து துல்லியமாக அளக்கவும் முடியவில்லை.

அடுத்த வாய்ப்பு 1769ஆம் ஆண்டில்தான். அதையும் தவறவிட்டால் நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனவே, லெ ஜென்டில் நாடு திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் மணிலாவிலும் தங்கி ஆய்வு செய்தார். பின்னர், மலாக்கா நீரிணை வழியாகப் பயணம் செய்து, 1768ஆம் ஆண்டு மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

காத்திருந்த நாள்களில் அவர் தமிழரின் வானியலைக் கற்கத் தொடங்கினார். தமிழர் ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளை நகர்த்தியே கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையில் கணித்தபோது, 41 வினாடிகள் மட்டுமே குறைந்திருந்தன. அன்று ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த அட்டவணையின்படி கணித்தபோதோ 68 வினாடிகள் கூடுதலாக இருந்தன. தம் நாட்டு முறையே சிறந்தது என்று வாதிடாமல், லெ ஜென்டில் தாம் கண்டதை அப்படியே பதிவு செய்தார்.

எட்டு ஆண்டுகள் காத்திருந்த அந்த நாள் வந்தது. விடியற்காலையில் மேகங்கள் சூரியனை மறைத்தன. வெள்ளி கடந்து சென்ற பிறகே வானம் தெளிந்தது. மனமுடைந்த அவருக்கு எழுதுகோலைத் தொடவும் மனம் வரவில்லை.

1771ஆம் ஆண்டு தாயகம் திரும்பியபோது மற்றொரு துயரம் காத்திருந்தது. அவர் இறந்துவிட்டதாகக் கருதி, உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவருக்குரிய இடமும் பிறருக்குத் தரப்பட்டிருந்தது. பின்னர் மீண்டும் கழகத்தில் இடம்பெற்ற லெ ஜென்டில், தம் பயண அனுபவங்களை இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1792ஆம் ஆண்டு மறைந்தார்.

தேடிச் சென்ற காட்சி அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், காத்திருந்த காலத்தை அவர் வீணாக்காததால், தமிழரின் கணிதத் திறன் ஐரோப்பிய நூலில் இடம்பெற்றது.