காட்டேரியும் கத்தரிக்கோலும்

பதின்வயதினர் விரும்பிப் படிக்கும் நூல்களைப் பற்றி மூத்தோர் கவலை கொள்வது எல்லாக் காலத்திலும் உள்ளதுதான். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர் எழுதிய 'ட்விலைட்' புதினம் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. காட்டேரி இனத்து இளைஞன் ஒருவன் மீது பள்ளி மாணவி கொள்ளும் காதலே அதன் கதை. அந்த வரிசை நூல்கள் 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்றன. அதே வேளையில், நூலகங்களிலிருந்து நீக்கும்படி மிகுதியாகக் கோரப்பட்ட நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் 2009-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள்ளும் அவை வந்தன.

வாசகர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. தங்களைத் தடித்த நூல்களைப் படிக்கும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது இந்தக் கதைதான் என்று நன்றியுடன் நினைவுகூர்வோர் உண்டு. காதலன் காதலியைக் கண்காணிப்பதையும் கட்டுப்படுத்துவதையும் அன்பென்று காட்டுகிறது எனக் கண்டிப்போர் உண்டு. உண்மையான காட்டேரி வெயில் பட்டால் எரிந்து சாம்பலாக வேண்டும். இந்தக் காட்டேரியோ வெயிலில் மின்னுகிறதே என்று எள்ளி நகையாடுவோரும் உண்டு.

இந்த வழக்குகள் அனைத்துக்கும் மூல நூலாக எல்லோரும் சுட்டுவது 'டிராகுலா'. அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் வாழ்க்கையை அறிந்தால், நம் கவலைகளில் எவை நியாயமானவை, எவை வீண் என்பது ஓரளவு விளங்கும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரையொட்டிய கிளான்டார்ஃபில் 1847-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி ஸ்டோக்கர் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அந்நாட்டு மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்த பெரும் பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டு அது. தந்தை அரசு ஊழியர். ஏழு குழந்தைகளில் மூன்றாமவரான ஸ்டோக்கர், இன்னதென்று தெரியாத நோயால் ஏழு வயது வரை படுக்கையிலேயே கிடந்தார். அவருக்குத் தாய் சார்லட் கதைகள் சொன்னார். அவை தேவதைக் கதைகள் மட்டுமல்ல. 1832-இல் ஸ்லைகோ நகரைச் சூறையாடிய காலராவைச் சிறுமியாக நேரில் கண்டவர் அவர். உயிர் பிரியும் முன்னரே புதைக்கப்பட்டோரைப் பற்றிய செய்திகளும் அந்தக் கதைகளில் இருந்தன.

நோயிலிருந்து மீண்ட சிறுவன், டிரினிட்டி கல்லூரியில் பெயர்பெற்ற விளையாட்டு வீரனாக வளர்ந்தான். படிப்பு முடித்த ஸ்டோக்கர், தந்தையைப் போலவே டப்ளினில் அரசுப் பணியில் சேர்ந்தார். கீழமை நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகள் குறித்த கையேடு ஒன்றை எழுதினார். மாலை நேரங்களில் நாளிதழ் ஒன்றுக்கு ஊதியமின்றி நாடக விமர்சனம் எழுதினார். அந்த இதழின் உரிமையாளர்களில் ஒருவர் ஷெரிடன் லெ ஃபானு. பெண் காட்டேரியை மையமாகக் கொண்ட 'கார்மில்லா' என்னும் கதையை 'டிராகுலா'வுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்னதாகவே எழுதியவர் அவர்.

அந்த விமர்சனம் ஒன்றே ஸ்டோக்கரின் வாழ்வைத் திருப்பியது. 1876-இல் புகழ்பெற்ற நடிகர் ஹென்றி இர்விங் நடித்த 'ஹாம்லெட்' நாடகத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்த இர்விங், அவரை அழைத்துப் பேசினார். இரண்டு ஆண்டுகளில், அரசுப் பணியைத் துறந்து, லண்டன் லைசியம் நாடக அரங்கின் மேலாளராக ஸ்டோக்கர் பொறுப்பேற்றார். ஆஸ்கர் வைல்ட் ஒரு காலத்தில் விரும்பிய ஃபிளாரன்ஸ் பால்கமை மணந்ததும் அதே 1878-இல்தான்.

அடுத்த இருபத்தேழு ஆண்டுகள் அவர் இர்விங்கின் நிழலாக வாழ்ந்தார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, வெளிநாட்டுப் பயண ஏற்பாடு அனைத்தும் அவர் தலையில். கதை எழுதியதெல்லாம் விடுமுறை நாள்களில். 1890-ஆம் ஆண்டுக் கோடையில் விட்பி என்னும் கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, அங்குள்ள நூலகத்தில் கிடைத்த பழைய நூலொன்றில் 'டிராகுலா' என்ற பெயரை அவர் கண்டார். பின்னர் ஏழு ஆண்டுகள் குறிப்பெடுத்து, திருத்தித் திருத்தி எழுதிய புதினம் 1897-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது.

நாள்குறிப்புகள், கடிதங்கள், நாளிதழ்ச் செய்திகள் ஆகியவற்றைக் கோத்துக் கதை சொன்ன நூல் அது. தட்டச்சு, சுருக்கெழுத்து, ஒலிப்பதிவுக் கருவி, ரத்தம் செலுத்துதல் என்று அன்றைய புதுமைகள் யாவும் பழைய பேயை எதிர்க்கும் ஆயுதங்களாக அதில் வருகின்றன.

வரவேற்பு கலவையாகவே இருந்தது. சில இதழ்கள் புகழ்ந்தன. கட்டமைப்பில் கலைநேர்த்தி இல்லை என்று ஓர் இலக்கிய இதழ் குறை கூறியது. ஆர்தர் கானன் டாயில் பாராட்டிக் கடிதம் எழுதினார். தாய் சார்லட்டோ, மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்குப் பிறகு இதற்கு இணையான நூல் வரவில்லை என்றே கருதினார். அந்தத் தாயின் கணிப்பைக் காலம் மெய்ப்பித்தது. ஆனால், மகன் அதைக் காண உயிரோடு இல்லை. நூல் தொடர்ந்து விற்றது என்றாலும் அவரைச் செல்வந்தராக்கும் அளவுக்கு விற்கவில்லை.

அதன் பின் வந்தவை இறங்குமுகமான ஆண்டுகள். 1898-இல் லைசியத்தின் கிடங்கு தீப்பற்றி, நாடகக் காட்சித் திரைகள் எரிந்து போயின. 1905-இல் இர்விங் காலமானார். மறு ஆண்டு ஸ்டோக்கரைப் பக்கவாதம் தாக்கியது. பணமுடையும் நோயும் சேர்ந்து வாட்டின.

இந்தச் சூழலில்தான், 1908-ஆம் ஆண்டில், அவர் ஒரு கட்டுரை எழுதினார். பொருள், புனைகதைகளுக்குத் தணிக்கை. பாலுணர்வைத் தூண்டும் கதைகள் சமூகத்தைக் கெடுக்கின்றன; எழுத்தாளர்கள் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள வேண்டும்; தவறினால் அரசு கத்தரிக்கோலை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அவர் பாசாங்கு செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. 'டிராகுலா' வெளிவந்தபோது, முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு ஒரு படி அனுப்பி, அதில் இழிவானது ஏதுமில்லை என்று உறுதி கூறியவர் அவர். தம் நூல் தூய்மையானது என்று மனமார நம்பினார். ஆனால், பின்வந்த தலைமுறையினர் அதில் முதன்மையாகக் கண்டதே அடக்கப்பட்ட இச்சையைத்தான். உறங்குவதுபோல் கிடக்கும் இளைஞனை மூன்று காட்டேரிப் பெண்கள் நெருங்கும் காட்சியைப் பற்றி மட்டும் பல்கலைக்கழக ஆய்வுகள் எத்தனையோ வந்துவிட்டன. அவர் கேட்ட தணிக்கை நடைமுறைக்கு வந்திருந்து, பிற்கால வாசகரின் கண்ணோடு ஓர் அதிகாரி அமர்ந்திருந்தால், முதல் வெட்டு அவருடைய நூலின் மீதே விழுந்திருக்கும்.

1911-இல், வறிய எழுத்தாளர்களுக்கு உதவும் அரச இலக்கிய நிதியத்திடம் விண்ணப்பித்து 100 பவுண்டு பெற்றார் ஸ்டோக்கர். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி, 64-ஆவது வயதில் காலமானார். டைட்டானிக் கப்பல் மூழ்கி ஐந்து நாள்களே ஆகியிருந்தன. அவரை உலகம் அன்று இர்விங்கின் மேலாளராகவே அறிந்திருந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் இயக்கத்தில், பெயர்களை மாற்றி, அனுமதி பெறாமலே 'நோஸ்ஃபெராட்டு' என்ற பெயரில் அப்புதினம் படமாக்கப்பட்டது. கணவரின் நூல் வருவாயையே நம்பியிருந்த ஃபிளாரன்ஸ் வழக்குத் தொடுத்தார். படத்தின் எல்லாப் படிகளையும் அழிக்கும்படி 1925-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. உரிமையைப் பறிகொடுத்த அவருடைய வழக்கு நியாயமானதே. ஆயினும் சில படிகள் தப்பிப் பிழைத்தன.

காட்டேரி வெயில் பட்டால் அழியும் என்ற புகழ்பெற்ற விதி, அப்படித் தப்பிய இந்தப் படத்திலிருந்தே பரவியது. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் வலிமை குறைந்தாலும், லண்டன் வீதியில் பட்டப்பகலில் நடமாடுகிறான். 'ட்விலைட்' மரபை மீறிவிட்டது என்று சினம் கொள்ளும் வாசகர் காக்க முனையும் மரபே, மூல நூலை மீறிப் பிறந்ததுதான். ஒவ்வொரு தலைமுறையும் தன் அச்சத்துக்கும் ஆசைக்கும் ஏற்பக் காட்டேரியைத் திருத்தி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

பயன்படுத்திய பிறகே தரம் தெரியும் பண்டங்கள் என்று ஒரு வகையைப் பொருளியலில் குறிப்பிடுவோம். நூல் அவ்வகையைச் சேர்ந்தது. பத்து நூல்களைப் படித்தவருக்கே பதினொன்றாவதை எடைபோடத் தெரியும். அந்தப் பத்தில் நான்கு மட்டமானவையாக இருப்பது கல்விக்கான செலவே தவிர, இழப்பாகாது. கண்காணிப்பைக் காதலென்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் உண்மையானது. அதற்கு மருந்து, நூலைப் பறிப்பதன்று. அதே நூலை நாமும் படித்துவிட்டு, அவன் செய்தது சரியா என்று அவர்களிடம் கேட்பது.

காட்டேரிக் காதல் கதைகள் எல்லாம் நிலைக்கும் என்று எவரும் கூற முடியாது. பெரும்பாலானவை மறக்கப்படும். எது நிலைக்கும் என்பதை 1897-இன் விமர்சகர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுதியவரே தம் நூலைச் சரியாக அறிந்திருக்கவில்லை. அவர்களுக்கே இயலாத அந்தத் தீர்ப்பை, மகளின் புத்தகப் பையைச் சோதித்துப் பார்க்கும் ஒரு நொடியில் நாம் வழங்கிவிட வேண்டாம்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).