நூலுக்குள் ஒரு பெயர்

தாம்பரம் மார்க்கெட்டில் நூல்கண்டு வாங்கியிருப்பீர்களே, குட்டீஸ்! அதில் ‘மெர்சரைஸ்டு’ என்று போட்டிருந்தால், அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது.

ஜான் மெர்சர் 1791-ல் இங்கிலாந்தில் நெசவாளர் மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஒன்பது வயதிலேயே நூல் சுற்றும் வேலை! எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். குட்டித் தம்பியின் ஆரஞ்சு நிற உடுப்பைப் பார்த்து மயங்கி, சாயத் தொழிலில் இறங்கினார்.

1844-ல் காஸ்டிக் சோடா கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டினார். துணி சுருங்கியது. ஆனால் வலுவானது, சாயத்தையும் நன்றாகப் பிடித்தது! சுருங்கும் துணி யாருக்கு வேண்டும்? ஆலைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1866-ல் மெர்சர் இறந்துபோனார்.

1890 வாக்கில் ஹொரஸ் லோவ் என்பவர், நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடியே நனைத்தார். சுருங்கவில்லை, பட்டுபோல மினுமினுத்தது!

அந்த நூலும் வெயிலில் கிடந்தால் நைந்துவிடும். டப்பாவில் மூடி வையுங்கள். பழைய நூலை இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால், அதில் பட்டன் தைக்காதீர்கள்.