போஸ்பாரா ஒழுங்கையின் சகோதரி

1898ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி காளி பூசைத் தினம். அன்று கல்கத்தாவின் வடபகுதியிலுள்ள பாக்பஜாரில், போஸ்பாரா ஒழுங்கை 16ஆம் இலக்க வீட்டில், பெண்பிள்ளைகளுக்கான சிறு பாடசாலை ஒன்று ஆரம்பமாயிற்று. ஸ்ரீ சாரதாதேவியார் பூசை செய்து அதனை ஆசீர்வதித்தார். சுவாமி விவேகானந்தரும் சமுகமளித்திருந்தார். ஆசிரியை ஒருவரே. அவர் அயர்லாந்தில் பிறந்தவர், 31 வயதினர், அந்தத் தெருவின் மொழியை அப்பொழுதுதான் கற்றுக்கொண்டிருந்தவர். கட்டடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நிதியும் இல்லை. பிள்ளைகளைக்கூட வீடு வீடாகச் சென்று கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

நமது சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில் பெண் கல்விக்கு உழைத்த பெருமக்கள் பலரை நாம் நினைவுகூரலாம். அவர்களுள் சகோதரி நிவேதிதையை இம்மலருக்குத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. சைவப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். காலைப் பிரார்த்தனை முடிந்தபின் அந்தப் பிரார்த்தனையை என்ன செய்வது என்ற கேள்வி, உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் நம்மை விட்டுப் போகவில்லை. அந்தக் கேள்வியோடேயே வாழ்ந்து முடித்தவர் இவர்.

மார்கரெட் எலிசபெத் நோபல் 1867ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆம் திகதி வட அயர்லாந்தின் டங்கனன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ போதகர், பாட்டனாரும் அவ்வாறே. தலைப்பிரசவத்துக்கு அஞ்சிய தாயார், பிள்ளை நலமாகப் பிறந்தால் இறைபணிக்கே கொடுப்பதாக நேர்ந்துகொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். மார்கரெட்டுக்குப் பத்து வயதாயிருக்கும்போது தந்தையார் 34 வயதிலேயே காலமானார். சமயக் கட்டுப்பாடு மிகுந்த விடுதிப் பாடசாலையொன்றில் படித்து, பதினேழு வயதில் ஆசிரியையானார். றெக்ஸ்ஹாமில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் நடுவே தொண்டு செய்தார். பின்னர் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் பெஸ்டலோசி, புறோபல் ஆகியோரின் முறைகளைத் தழுவித் தமது சொந்தப் பாடசாலையை நடத்தினார். குழந்தை தன் கையாலும் கண்ணாலும் கற்கவேண்டும் என்ற அந்த முறையைத்தான் பின்னாளில் அவர் பாக்பஜாருக்குக் கொண்டுபோனார்.

சமய விடயத்தில் அவருடைய இளமை அமைதியானதன்று. இயேசுவின்மீது அன்பு குறையாமலிருக்க, திருச்சபையின் கோட்பாடுகளில் ஐயம் எழுந்தது. இயற்கை விஞ்ஞானத்தைப் படித்துப் பார்த்தார். புத்தர் பெருமானின் வரலாற்றைப் படித்து அதில் ஆழ்ந்தார். 1895ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் வீடொன்றின் வரவேற்பறையில் விவேகானந்தரின் உரையைக் கேட்டபோதும் உடனே வசப்பட்டுவிடவில்லை. இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றே முதலில் எண்ணினார். தொடர்ந்து கேட்டார், தர்க்கித்தார், மறுத்தார், மறுபடியும் கேட்டார். 1898 ஜனவரி 28ஆம் திகதி கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கினார்.

அதே ஆண்டு மார்ச் 25ஆம் திகதி அவருக்குப் பிரமசரிய தீட்சை வழங்கப்பட்டது. அர்ப்பணிக்கப்பட்டவள் என்ற பொருளில் நிவேதிதை என்ற பெயரும் சூட்டப்பட்டது. டங்கனனில் தாயார் நேர்ந்த நேர்ச்சையை அறிந்தவர்களுக்கு இப்பெயர் வியப்பைத் தரும். அன்று சுவாமிகள் அவரைச் சிவபூசை செய்யவைத்து, இறுதியில் புத்தரின் பாதத்தில் மலரிடச் செய்தார். போதகரின் மகளுக்கு இந்து தீட்சை. அதன் நிறைவு புத்தர் பாதத்தில். ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றை எறியவேண்டியதில்லை என்பது அவருக்கு முதல் நாளிலேயே உணர்த்தப்பட்டது எனலாம்.

இதற்குச் சில நாட்களுக்கு முன்னர் நிகழ்ந்ததொன்றையும் குறிப்பிடவேண்டும். ஆசாரம் மிக்க பிராமண விதவையாகிய சாரதாதேவியார், தம்மைக் காணவந்த மேல்நாட்டுப் பெண்களை வரவேற்று அவர்களுடன் சேர்ந்து உணவருந்தினார். அக்காலத்துக் கல்கத்தாவில் இது இலேசான செயலன்று. நிவேதிதையை அவர் கைக்குழந்தையை அழைப்பதுபோல் கூக்கி என்றே அழைப்பார். பின்னர் ஓர் உயிர்த்த ஞாயிறன்று அன்னையார் நிவேதிதையின் வீட்டுக்கு வந்து, அங்கிருந்த சிறிய ஓர்கனில் அந்நாளுக்குரிய கிறிஸ்தவ கீதங்களை இசைக்கச் செய்து கேட்டார். பாஷை தெரியாத, பழக்கமில்லாத அந்த இசையில் அவர் எளிதாக ஒன்றிப்போனதைக் கண்டு நிவேதிதை நெகிழ்ந்துபோனார்.

தியானம் மட்டும் அவருக்கு எளிதாக வாய்க்கவில்லை. 1898 கோடையில் குருவுடன் இமயமலைப் பக்கம் சென்றபோது, அல்மோராவில் இருவருக்குமிடையே கடும் மனவருத்தம் உண்டாயிற்று. பிரித்தானிய ஆட்சியின்மீது நிவேதிதைக்கு இருந்த பற்றைச் சுவாமிகள் இரக்கமின்றிச் சாடினார். கூட வந்த மூத்த பெண்மணி ஒருவர் தலையிட்ட பின்னரே அது தணிந்தது. முஸ்லிம்கள் போற்றும் பிறைநிலவைச் சுட்டிக்காட்டி, நாமும் அதனோடு புதுவாழ்வு தொடங்குவோம் என்று சொல்லிச் சுவாமிகள் அவரை ஆசீர்வதித்தார். அன்றிரவு தியானத்தில் தாம் முன்னர் அறியாத ஓர் அமைதியை நிவேதிதை அடைந்தார். அதன்பின் காஷ்மீரத்தில் ஆயிரக்கணக்கான யாத்திரிகருடன் நடந்து அமர்நாத் குகைக்குச் சென்றார். அங்கே குருவுக்குக் கிட்டிய அனுபவம் தமக்குக் கிட்டவில்லையே என்று மனமுடைந்தார். அதை மறைக்கவும் இல்லை. யாத்திரை செய்தாயிற்று, அதன் பலன் பின்னர் வரும் என்று சுவாமிகள் தேற்றினார். அதே காஷ்மீரத்தில், முஸ்லிம் படகோட்டி ஒருவரின் நான்கு வயது மகளை உமையாகப் பாவித்துச் சுவாமிகள் வழிபட்ட நாட்களிலும் நிவேதிதை அக்குழுவில் இருந்தார்.

யாத்திரையின் பலன் எப்போது வந்தது என்று நாம் தேடினால், குகையிலும் கோயிலிலும் அன்றி, பாக்பஜாரின் சேரியிலேதான் அதைக் காண்கிறோம்.

1899 மார்ச்சில் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவிற்று. இராமகிருஷ்ண மிஷன் அமைத்த நிவாரணக் குழுவுக்கு நிவேதிதை செயலாளரானார். சுவாமி சதானந்தர் துப்புரவு வேலையை மேற்பார்வை செய்தார். நிவேதிதை பத்திரிகைகளில் உதவி கேட்டு எழுதினார். மாணவர்களைக் கூட்டி அவர்களின் கடமை யாதென எடுத்துரைத்தார். ஒருநாள் ஒழுங்கையைக் கூட்ட ஆளில்லாதபோது தாமே விளக்குமாற்றை எடுத்தார். வெட்கமடைந்த அயல் இளைஞர் ஓடிவந்து அதை வாங்கிக் கூட்டினர்.

அந்நாட்களில் அங்கே வைத்தியம் பார்த்த ஆர்.ஜி.கர் ஒரு சம்பவத்தை எழுதிவைத்துள்ளார். கடும் வெயிலில் அவர் வீடு திரும்பியபோது, வாசலில் நிவேதிதை காத்திருந்து நோயுற்ற ஒரு குழந்தையைப்பற்றி விசாரித்தார். தாய் ஏற்கெனவே இறந்துவிட்டாள். தொற்று அபாயத்தை எடுத்துச் சொல்லி எச்சரித்து அனுப்பினார் வைத்தியர். பிற்பகல் அவர் அந்தச் சேரிக்குப் போனபோது, ஈரம் கசிந்த குடிசையில் குழந்தையை மடியில் வைத்தபடி நிவேதிதை அமர்ந்திருந்தார். பகலும் இரவும் அங்கேயே இருந்தார். குடிசையைக் கிருமிநீக்கம் செய்யவேண்டியபோது சிறிய ஏணியொன்றைச் சாத்தித் தாமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். இரண்டு நாட்களின்பின் குழந்தை அவர் மடியிலேயே உயிர்விட்டது. தன்னை ஏந்தியிருந்தவளைத் தன் தாய் என்றே அது எண்ணியிருந்தது. நோயாளிகளின் செலவுக்காக நிவேதிதை தாம் அருந்தும் பாலையும் அந்நாட்களில் நிறுத்திவிட்டார் என்றும் அவ்வைத்தியர் குறிப்பிடுகிறார். பழமும் பாலுமே அவருடைய அன்றாட ஆகாரமாயிருந்தன என்பதை அறிந்தால்தான் இந்தச் சிறு செய்தியின் பாரம் விளங்கும்.

இதே மாதங்களில்தான் அவர் ஆல்பர்ட் மண்டபத்திலும் காளிகட்டத்திலும் காளியைப்பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். மரணத்தையும் தாயின் முகமாகக் காணும் அந்த வழிபாடு, மேடையில் பேசியவருக்கு வெறும் தத்துவமாக இருந்திருக்க முடியாது. அந்த மாதங்களில் அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பாடசாலைக்குப் பணமின்மையால் 1899 யூனில் அவர் மேல்நாடு புறப்பட்டார். விவேகானந்தரும் அதே கப்பலில் சென்றார். பிளேக் தடையினால் சென்னையில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கொழும்பில் கிடைத்தது. பொன்னம்பலம் அருணாசலம் முதலிய நண்பர்கள் சுவாமிகளைச் சந்தித்தனர். பௌத்தச் சிறுமியருக்காகத் திருமதி ஹிக்கின்ஸ் நடத்திய விடுதிப் பாடசாலையைச் சுவாமிகள் சென்று பார்த்தார். ஜேர்மனியில் பிறந்த அப்பெண்மணி நம் நாட்டில் வளர்த்த அப்பாடசாலையே இன்று மியூசியஸ் கல்லூரியாகத் திகழ்கிறது. கடல்கடந்து வந்து நமது பெண்களுக்குக் கரும்பலகையைக் கொடுத்தவர்களின் வரிசையில் நிவேதிதை தனித்தவரல்லர் என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறோம்.

1902இல் அவர் திரும்பி வந்தார். யூலை 4ஆம் திகதி விவேகானந்தர் சமாதியடைந்தார். அடுத்த சில நாட்களிலேயே நிவேதிதைக்குப் பெரியதொரு சோதனை வந்தது. நாட்டு விடுதலையில் அவர் உள்ளம் ஈடுபட்டிருந்தது. துறவியர் சங்கமோ அரசியலில் ஈடுபடாது என்ற விதியுடையது. அரசியலை விடுவதா, சங்கத்தை விடுவதா? தமது பணிக்கும் சங்கத்துக்கும் தொடர்பில்லை என்று பத்திரிகையில் அறிவித்து விலகிக்கொண்டார். அன்பில் விலகவில்லை; துறவியரும் அவரைக் கைவிடவில்லை. ஆயினும் குருவை இழந்த மாதத்திலேயே குருவின் இல்லத்தையும் இழப்பதென்றால் அது எத்தகைய வேதனை!

அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக்குச் செல்லும் வழியில், கட்டாக்குக்கு அண்மையிலுள்ள கண்டகிரியில் அவர்கள் தங்கினர். பழைய சமணக் குகைகள் நிறைந்த குன்று அது. நத்தார் காலம். புல்தரையில் கட்டையைக் கொளுத்தி, இடையர்களைப்போலக் கோலும் கையுமாகச் சுற்றியமர்ந்து, லூக்கா எழுதிய சுவிசேஷத்தை வாசித்தனர். இந்துத் துறவியர் கேட்க, போதகரின் மகள் பெத்லகேமின் கதையைச் சொன்னார். குருவை அண்மையில் இழந்திருந்த அவருக்கு, சீடர்கள் தங்கள் ஆண்டவரை இழந்தபின் உற்ற நிலை அன்றுதான் உள்ளபடி புரிந்தது. இந்து சமயத்தைத் தழுவியமை அவரைச் சுவிசேஷத்திலிருந்து அகற்றவில்லை. முன்னிலும் அணுக்கமாக அதைப் படிக்கவைத்தது. 1904இல் இரவீந்திரநாத் தாகூர், விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் முதலியோருடன் புத்தகயாவுக்குச் சென்று அங்கே தங்கினார்.

பாடசாலை மீண்டும் இயங்கிற்று. அமெரிக்காவிலிருந்து சகோதரி கிறிஸ்டீன் வந்து துணைசேர்ந்தார். சிறுமியரோடு இளம் விதவைகளும் இல்லத்தரசிகளும் பகல் வேளைகளில் வந்து எழுத்தும் தையலும் பயின்றனர். தாகூர் தம் மகளுக்கு ஆங்கிலம் கற்பிக்குமாறு கேட்டபோது நிவேதிதை மறுத்துவிட்டார். வெளியிலிருந்து ஒன்றைத் திணிப்பது கல்வியாகாது என்பது அவர் கருத்து. தாகூர் அவரை லோகமாதா என்று போற்றியவர். ஆனால் அவரிடமிருந்த போர்க்குணம் தமக்கு ஒத்துவரவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார். நமக்கும் ஒரு குறை தோன்றுகிறது. 1904இல் வெளிவந்த இந்திய வாழ்வு பற்றிய நூலில், வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் வாழ்வை அவர் அளவுக்கு மீறி அழகுபடுத்திவிட்டார். அதே வீடுகளின் கதவைத் தட்டிப் பிள்ளைகளை வெளியே அழைத்துவந்த கை அவருடையது என்பதனால் அந்தப் பக்கங்களை நாம் பொறுத்துக்கொள்கிறோம்.

1906இல் கிழக்கு வங்காளத்தில் பஞ்சமும் வெள்ளமும் ஒருங்கே வந்தன. நிவேதிதை பரிசால் பகுதிக்குச் சென்று, படகிலும் சேற்றிலும் கிராமம் கிராமமாகப் போய் நிலைமையைக் கண்டு எழுதினார். கடும் காய்ச்சலோடு திரும்பினார். அதன்பின் அவர் உடல் பழைய நிலைக்கு வரவேயில்லை.

தமிழர்களாகிய நாம் அவருக்குத் தனிப்பட்ட கடன் உடையோம். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் தம்மைக் காணவந்த இளம் கவிஞர் சுப்பிரமணிய பாரதியாரிடம், மனைவியை ஏன் அழைத்துவரவில்லை என்று அவர் கேட்டாராம். சமூகத்தின் ஒரு பாதியை அடிமையாக வைத்துக்கொண்டு மறுபாதி விடுதலை பெறுவது எங்ஙனம் என்று கடிந்தாராம். ஒரேயொரு சந்திப்புத்தான். பாரதியார் அவரைக் குருவாக வரித்தார். 1908இல் வெளிவந்த ஸ்வதேச கீதங்களையும் 1909இல் வந்த ஜன்மபூமியையும் அவருக்கே சமர்ப்பித்தார். தமிழ்ப் பெண் நிமிர்ந்து நடக்கவேண்டும் என்று பாடிய பாட்டுக்களை நமக்குச் சொல்லித்தந்த ஆசிரியைகள், அவற்றின் பின்னால் நின்ற இந்த அயர்லாந்துப் பெண்ணையும் சேர்த்தே நமக்குத் தந்தார்கள்.

1910இல் போஸ் தம்பதியருடன் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை செய்தார். அடுத்த ஆண்டு பூசை விடுமுறைக்கு அவர்களுடன் டார்ஜிலிங் சென்றபோது வயிற்றுளைவு நோய் கண்டது. திருமதி அபலா போஸ் அருகிருந்து பராமரித்தார். ஒக்ரோபர் 7ஆம் திகதி நிவேதிதை தமது மரணசாசனத்தை எழுதுவித்தார். தம்மிடமிருந்த பணத்தையும் நூல்களால் வரும் வருவாயையும், பெண்களின் கல்விக்குப் பயன்படுத்துமாறு பேலூர் மடத்தின் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாம் விலகிவந்த அதே மடம்! எல்லா உயிர்களும் பகையின்றி, துன்பமின்றி வாழ்க என்று வேண்டும் பௌத்தப் பிரார்த்தனையொன்றை அவர் முன்னரே மொழிபெயர்த்து, அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்திருந்தார். அதனை நோய்ப்படுக்கையில் அவருக்கு வாசித்தனர். 13ஆம் திகதி காலை, 44 வயது நிறையுமுன், அவர் உயிர் பிரிந்தது. இந்து முறைப்படி தகனம் செய்தனர்.

போஸ் 1917இல் கல்கத்தாவில் தமது ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியபோது, விளக்கேந்திய பெண்ணொருத்தியின் சிற்பத்தை நிவேதிதையின் நினைவாக அங்கே அமைத்தார். பாக்பஜாரில் அவர் தொடங்கிய பாடசாலை அவர் பெயரையே தாங்கி இன்றும் நடைபெறுகிறது.