அரிசித் தட்டும் ஆயாக் கொட்டகையும்

பாலோவில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். நாலு, அஞ்சு வயசுப் பசங்க. போன வருசம் ஒரு பையன் உட்காரவே மாட்டான். நான் அ, ஆ சொல்லச் சொன்னால், வெளியே ஓடிப்போய் கீழே கிடக்கும் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக்கிட்டு இருப்பான். ஒரு நாள் பொறுமை போச்சு. கொட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவனை இழுத்து வந்து உட்கார வைத்தேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அந்த உறுத்தலில்தான் மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். எத்தனையோ பாலர் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் பார்த்த பெயர்தான். ஆனால் அவர் தமிழ்நாட்டில் பல வருடம் வாழ்ந்தவர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

1870-இல் இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளைகளைக் கவனித்தபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலைதான் தேவை என்று புரிந்துகொண்டார்.

1907 ஜனவரி 6-ஆம் தேதி, ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் ஒரு சிறுவர் இல்லம் திறந்தார். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, சுவரைக் கிறுக்கித் திரிந்த பிள்ளைகள் அவர்கள். நம் தோட்டத்து ஆயாக் கொட்டகை மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே ஒரு சிறுமி, மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தி எடுத்து, திரும்பப் பொருத்தி, நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தும் அவள் தலை நிமிரவில்லை. ஒரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் தாங்களே பொருளை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதிலிருந்து அலமாரி தாழ்ந்தது, பூட்டு போனது.

உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி விரலால் தடவ வைத்தார். வாய் ஒலியைச் சொல்லும், கண் வடிவத்தைப் பார்க்கும், விரல் எழுதும் அசைவைப் பழகும். ஒரே வேலையில் மூன்று படிப்பு. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே எழுத ஆரம்பித்தார்கள்.

முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போகாமல் 1934-இல் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் இருந்தார், அங்கேயும் 1936-இல் போர் வந்தது. பிறகு ஹாலந்து. 1939-இல் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைக்க, சென்னை அடையாறு வந்தார். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவியின் கணவர்தான் அருண்டேல். அடையாறில் நடந்த முதல் பயிற்சிக்கே இந்தியா முழுவதிலிருந்தும் சுமார் 300 பேர் வந்தார்கள்.

1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு அம்மையார் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மாரியோவை முகாமில் அடைத்தார்கள். அம்மையாருக்கோ நடமாட்டக் கட்டுப்பாடு. அவருடைய 70-ஆவது பிறந்த நாளில்தான் மகனைத் திருப்பித் தந்தார்கள். இவ்வளவு நடந்தும் அவர் பாடத்தை நிறுத்தவில்லை. அப்புறம் கொடைக்கானலில் செடி, பூச்சி, மண் என்று பிள்ளைகளோடு நேரில் பார்த்துப் பார்த்து, அறிவியல், கணக்கு, பூகோளம் எல்லாம் ஒன்றோடொன்று கோத்த பாடமுறையை வளர்த்தார். இந்தியாவில் இருந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பழக்கினார். 1952 மே 6-இல் ஹாலந்தில் காலமானார்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். ஒரு காலத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். சிரித்துக்கொண்டே, விஜயதசமி அன்று என் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்ததை ஞாபகப்படுத்தினார். எனக்குச் சுருக்கென்றது. நமக்குத் தெரியாத விசயமா இது? ஒரு நாள் மட்டும் கையால் எழுத வைத்துவிட்டு, மறுநாளே அந்தக் கையைக் கட்டிப்போட்டு உட்காரச் சொல்கிறோம்.

அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வகுப்பில் நாலு அரிசித் தட்டு இருக்கு, ஒரு வாளி ரப்பர் கொட்டை இருக்கு. அவன் கொட்டையை எண்ணுவான், பெரிசு சின்னது பிரிப்பான், அதையே அடுக்கி அ போடுவான். தேவாரம் பாடும்போது இன்னமும் எழுந்து ஓடுகிறான். பரவாயில்லை, திரும்பி வந்துவிடுகிறான்.

உங்கள் ஊர்க் கோயிலிலும் ஒரு வகுப்பு இருக்கும், ஓடுகிற பிள்ளை ஒன்றும் இருக்கும். அடுத்த ஞாயிறு அதைப் பிடித்து உட்கார வைப்பதற்கு முன்னால், அதன் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிசம் பாருங்கள்.